வீட்டைச் சீரமைத்தால் முதுமை தளராது
செயல்முறைச் சிகிச்சையாளருக்கு ஒரு தொழில், குடும்பங்களுக்கு ஒரு பாடம்

பெற்றோரை இறுதிவரை வீட்டிலேயே வைத்துப் பேண வேண்டும் என்பது நம் குடும்பங்கள் பெரிதும் போற்றும் எண்ணமாகும். ஆனால் எண்ணம் மட்டும் போதாது. வீடும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். முப்பது வயதில் நாம் வாங்கிய அடுக்குமாடி வீடு எழுபது வயதில் நமக்கே அந்நியமாகிவிடுகிறது. அன்று கண்ணில் படாத குளியலறைத் திட்டு இன்று மலையாகத் தெரிகிறது. சாமி மாடத்தில் பூ மாற்ற முக்காலியில் ஏறும்போது கால் நடுங்குகிறது. ஒரே ஒரு வழுக்கலில் இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையிலிருந்து நேராகத் தாதிமை இல்லத்திற்குச் சென்ற மூத்தோரை நம்மில் பலர் அறிவோம்.

வீட்டை மூத்தோரின் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றியமைப்பது ஒரு தனிக் கலை. அது ஒரு தொழிலாகவும் வளர்ந்து வருகிறது. அத்தொழிலின் நுட்பங்கள் யாவை, அதைத் தொடங்க விரும்பும் இளையர் எவற்றைக் கற்க வேண்டும், அவர்களிடம் செல்லும் குடும்பங்கள் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஒரு பாடமாக விளக்குகிறது.

1. யார் இந்தச் சிகிச்சையாளர்?

மருத்துவமனைகளில் ‘ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்’ என்று அழைக்கப்படுபவரையே இங்குச் செயல்முறைச் சிகிச்சையாளர் எனக் குறிப்பிடுகிறோம். பெயரைக் கேட்டதும் பலர் இவரை வேலை தேடித் தருபவர் என்று எண்ணிவிடுகின்றனர். இங்கு ‘ஆக்குபேஷன்’ என்பது ஊதிய வேலையை மட்டும் குறிப்பதன்று. காலையில் எழுவது, பல் துலக்குவது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, விளக்கேற்றுவது, பேரப்பிள்ளையுடன் கடைக்குச் செல்வது என ஒருவரின் நாளை நிறைக்கும் செயல்கள் அனைத்தையும் அது குறிக்கும்.

இயன்மருத்துவர் காலுக்கு வலுவூட்டுகிறார். செயல்முறைச் சிகிச்சையாளரோ அந்தக் காலைக் கொண்டு அம்மா தம் குளியலறைக்குள் நுழைந்து, குளித்து, விழாமல் வெளியே வருகிறாரா என்று பார்க்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் துணையானவர்கள்.

இத்துறையின் பிறப்பே கட்டடக் கலையோடு தொடர்புடையது என்பது வியப்பளிக்கும் செய்தி. 1917-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஒரு சிலர் கூடி, இச்சிகிச்சையை வளர்க்கும் முதல் தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதல் தலைவரான ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் மருத்துவரல்லர், கட்டடக் கலைஞர். காசநோயாலும் உடலின் இடப்பக்கச் செயலிழப்பாலும் துன்புற்ற அவர், 1914-இல் அதே ஊரில் ‘ஆறுதல் இல்லம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வீட்டை அமைத்தார். நோயுற்றோர் செயல்களின் வழியாக மீண்டெழ அவ்வீடு இடமளித்தது.

2. வீடு ஏன் மருந்தாகிறது?

1973-இல் பவல் லாட்டன், லூசில் நாஹமோ என்னும் இரு அறிஞர்கள் முதுமையைப் பற்றி ஓர் எளிய கருத்தை முன்வைத்தனர். ஒருவரின் ஆற்றல் ஒரு பக்கம், அவருடைய சூழல் அவரிடம் கேட்கும் உழைப்பு மறுபக்கம். இரண்டும் ஈடாக இருக்கும்வரை மனிதர் நன்றாக வாழ்கிறார். ஆற்றல் குறையும்போது சூழலின் கோரிக்கையும் குறைய வேண்டும். அதே நேரத்தில், அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டாலும் மனிதர் சோர்ந்து செயலற்றுப் போகிறார். எல்லாவற்றையும் பணிப்பெண்ணே செய்துவிடும் வீட்டில் பாட்டியின் கைகால்கள் விரைவில் முடங்குவதற்குக் காரணம் இதுவே.

இனி ஆய்வுகளைக் காண்போம். 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுதோறும் 100-க்கு 28 முதல் 35 பேர் வரை விழுகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் தன் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012-இல் வெளியிட்ட தொகுப்பில், வீட்டுப் பாதுகாப்பு மாற்றங்கள் விழுதலைக் குறைக்கின்றன என்றும், செயல்முறைச் சிகிச்சையாளர் அவற்றை வழிநடத்தும்போது பலன் கூடுகிறது என்றும் முடிவு கூறியது. அதே அமைப்பின் 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, வீட்டிலுள்ள ஆபத்துகளைக் களைவதால் விழுதல் சுமார் 26 விழுக்காடு குறைகிறது. முன்பு விழுந்தவர்கள், அன்றாடச் செயல்களுக்குப் பிறர் உதவி தேவைப்படுவோர் போன்ற ஆபத்து மிகுந்தவர்களிடையே அது சுமார் 38 விழுக்காடாக இருக்கிறது. நல்ல உடல்நலத்துடன் இருப்போரிடம் அத்தகைய பலன் தெளிவாகப் புலப்படவில்லை.

ஆகவே, யாருக்குத் தேவை என்பதைக் கண்டறிவதே முதற்பணி. எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரியான கம்பிகளைப் பொருத்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது.

3. அரசாங்கமே செய்யும்போது தொழிலுக்கு இடம் உண்டா?

சிங்கப்பூரில் வசிப்போரில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்கின்றனர். 2030-ஆம் ஆண்டளவில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என அரசாங்கம் கணித்துள்ளது. இதை முன்னுணர்ந்து வீவக 2012-இல் ‘ஈஸ்’ எனப்படும் திட்டத்தைத் தொடங்கியது. குளியலறைத் தரை ஓடுகளுக்கு வழுக்காப் பூச்சு, கைப்பிடிக் கம்பிகள், தரைமட்ட வேறுபாட்டைக் கடக்கச் சாய்தளம் ஆகியவற்றை அத்திட்டம் மானிய விலையில் பொருத்தித் தருகிறது. வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. குடும்பத்தில் 65 வயதை எட்டியவர் இருக்க வேண்டும். 60 முதல் 64 வயதுடையவராயின், குளித்தல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றுக்கேனும் உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டு, மடக்கும் குளியல் இருக்கை, வீட்டினுள் கைப்பிடி போன்றனவும் சேர்க்கப்பட்டன. சக்கர நாற்காலி, கழிப்பு நாற்காலி போன்ற சாதனங்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழி வேறு மானியமும் உண்டு.

“நூற்றுக்கு ஐந்து வெள்ளி கொடுத்தால் கம்பி கிடைக்கும்போது, என்னிடம் யார் வருவார்?” என்று இளம் சிகிச்சையாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்பி விற்றுப் பிழைக்க நினைப்பவருக்கு இங்கு இடமில்லை என்பதே நேர்மையான விடை. பொதுத் திட்டம் பலருக்கும் பொதுவாக உள்ள தேவையை நிறைவு செய்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள தேவையைக் கண்டறிவதே சிகிச்சையாளரின் பணி.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒருவர் வீட்டில் கழிப்பறைக் கம்பி வலச்சுவரில் இருந்தால் அது துணி காயப்போடத்தான் உதவும். நடுக்க நோயால் பாதிக்கப்பட்டவர் வாசற்படியில் கால் உறைந்து நின்றுவிடுவார். தரையில் ஒட்டப்பட்ட வண்ணப் பட்டைகள் சிலருக்குக் காலெடுத்து வைக்க வழிகாட்டும். மறதிநோய் உடையவருக்குக் கறுப்பு மிதியடி தரையில் உள்ள குழியாகத் தெரியலாம். வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும் உள்ள கழிப்பறையில் வெள்ளை இருக்கை கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். அங்கு வேண்டியது கம்பியன்று, நிறம் மாறிய ஓர் இருக்கை மட்டுமே. இவற்றை அறிந்து சொல்வதற்கே கட்டணம்.

மேலும், தனியார் அடுக்குமாடி வீடுகளிலும் தரைவீடுகளிலும் மாடிப்படிகள் உண்டு. மலேசியத் தாமான்களில் உள்ள இரண்டு மாடி வரிசை வீடுகளில் படுக்கையறைகள் பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கின்றன. தாத்தாவைக் கீழே குடியமர்த்துவதா, படிக்கட்டுக்கு இருபுறமும் கைப்பிடி வைப்பதா, இயந்திர நாற்காலி பொருத்துவதா என்பது குடும்பத்தின் பணத்தையும் மனத்தையும் சார்ந்த பெரிய முடிவு. அதற்கு விற்பனையாளரின் அறிவுரை மட்டும் போதாது.

4. வீட்டைப் பார்க்கும் முறை

நல்ல சிகிச்சையாளர் பின்பற்றும் வரிசை பின்வருமாறு:

(அ) கேட்டல். “உங்களுக்கு எதைச் செய்ய ஆசை, எது முடியாமல் போயிற்று?” என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பேராசிரியர் சாரா சான்டன் தலைமையில் உருவான ‘கேப்பபிள்’ என்னும் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் ஒரு செயல்முறைச் சிகிச்சையாளர், ஒரு தாதி, ஒரு கைவினைப் பணியாளர் ஆகிய மூவர் சேர்ந்து பணியாற்றுவர். சிகிச்சையாளர் ஆறு முறை வரையும் தாதி நான்கு முறை வரையும் வீட்டிற்குச் செல்வர். எதைச் சரிசெய்வது என்பதை வீட்டிலுள்ள மூத்தவரே தேர்ந்தெடுப்பார். பால்டிமோர் நகரில் 300 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதங்களில் அன்றாடச் செயல்களில் ஏற்படும் இயலாமை, ஒப்பீட்டுக் குழுவைவிட 30 விழுக்காடு குறைந்திருந்தது.

(ஆ) பார்த்தல். “குளிக்க முடிகிறதா?” என்று கேட்டால் “முடியும்” என்றே நம் மூத்தோர் சொல்வர். மகளுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆகவே, உடையுடன் குளியலறைக்குள் சென்று, வாளியையும் குவளையையும் எடுத்து, குளிப்பது போலச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். எந்த நொடியில் கை எதைத் தேடுகிறது என்பதைக் கவனித்தால், கம்பி எங்கு வேண்டும் என்பதை அந்தக் கையே காட்டிவிடும். பல வீடுகளில் அது துணித்துண்டு தொங்கவிடும் தண்டையோ முகங்கழுவும் தொட்டியையோ பற்றும். அவை உடற்பாரத்தைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டவை அல்ல.

(இ) அளத்தல். வீட்டை மட்டுமன்றி மனிதரையும் அளக்க வேண்டும். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை உள்ள உயரம், கட்டில், நாற்காலி, கழிப்பறை இருக்கை ஆகியவற்றின் உயரத்தை முடிவு செய்கிறது. இடுப்பறுவை செய்தவருக்கு இருக்கை சற்று உயரமாகவே இருக்க வேண்டும். சாய்தளத்திற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1-க்கு 12 ஆகும். 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு 60 சென்டிமீட்டர் நீளமும், 15 சென்டிமீட்டர் உயரத்திற்கு 180 சென்டிமீட்டர் நீளமும் தேவை. பொது நடைபாதையில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் அகல வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பதால், வாசலுக்கு வெளியே நினைத்தபடி சாய்தளம் கட்டிவிட இயலாது.

(ஈ) திட்டமிடல். சிறிய மாற்றத்திலிருந்து பெரிய மாற்றத்திற்குப் போக வேண்டும். முதலில் பழக்கத்தை மாற்றலாமா? அடுத்து, பொருளை இடம் மாற்றலாமா? பிறகு, ஒரு சிறு சாதனம் போதுமா? அதன் பின்னரே சுவரில் துளையிடுவது. சுவரை இடிப்பது கடைசி வழி. இந்த ஏணியின் முதல் இரண்டு படிகளுக்கு ஒரு காசும் செலவில்லை.

(உ) மேற்பார்வையும் பயிற்சியும். பொருத்தப்பட்ட கம்பியைச் சிகிச்சையாளரே பற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அணுகல் தரவிதிப்படி ஒரு கைப்பிடிக் கம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். ஓட்டின் பின்னே வெற்றிடம் உள்ள சுவரிலும் மெல்லிய தடுப்புச் சுவரிலும் சாதாரண திருகாணி இதைத் தாங்காது. காற்றழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கம்பிகளை நம்பி உடற்பாரத்தைச் சாய்க்கலாகாது. அதன்பின், கம்பியைப் பிடித்து எழும் முறையை அம்மாவுக்கும் பணிப்பெண்ணுக்கும் கற்றுத்தர வேண்டும்.

(ஊ) மறுபார்வை. ஆறு வாரங்கள் கழித்து ஒரு முறை சென்று பார்க்க வேண்டும். பயன்படுத்தப்படாத சாதனம் கட்டிலடியில் கிடக்குமானால், காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

5. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு நூல்களில் உள்ள பட்டியல்கள் நம் வீடுகளுக்கு முற்றிலும் பொருந்துவதில்லை. நம்மவர் குளியலறையில் நீர்த்தொட்டி இல்லை. தரை முழுவதும் நனைகிறது. எண்ணெய்க் குளியல் நாளில் தரை இரட்டிப்பாக வழுக்கும். நீர் தெளித்துக் கோலமிடும் வாசல், கூடத்தில் விரித்த பாய், அறைவாசலில் குவிந்த காலணிகள், நீண்டு தரையைத் தொடும் சேலைக் கொசுவம் ஆகியன எல்லாம் தடுமாற்றத்திற்கு வழி செய்பவை. வீவக வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஈரத்துணி கோத்த மூங்கில் கழியைத் தூக்கி நீட்டுவது, தோள் தளர்ந்த மூத்தோருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாமி மாடத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். அது பெரும்பாலும் உயரமான இடத்தில் இருக்கும். எண்ணெய் ஊற்றவும் பூ வைக்கவும் பாட்டி முக்காலியில் ஏறுவார். பிள்ளைகள் அதைக் கண்டு பயந்து, “இனி நீங்கள் விளக்கேற்ற வேண்டாம்” என்று தடுத்துவிடுவர். அவருடைய காலைப் பொழுதின் பொருளே அத்துடன் போய்விடுகிறது. செயல்முறைச் சிகிச்சை அறிந்தவர் அப்படித் தடுக்கமாட்டார். மாடத்தை நாற்காலியில் அமர்ந்து கைநீட்டும் உயரத்திற்கு இறக்கலாம். அருகில் கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்றை வைக்கலாம். நீண்ட கழுத்துள்ள பற்றவைப்பான், கண்ணாடிக் கூண்டுள்ள விளக்கு, நைலான் சேலைக்குப் பதிலாகப் பருத்திச் சேலை, மேலே நல்ல வெளிச்சம் ஆகியவை போதும். இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது எனக் கண்ணியல் அறிஞர்கள் கூறுவர். எனவே விளக்கை மாற்றுவதே பல வீடுகளில் முதல் சிகிச்சையாகிறது.

6. தொழிலைத் தொடங்குவோர்க்கு

முதலாவது தகுதி. சிங்கப்பூரில் இத்துறையினர் 2011-ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, செல்லுபடியாகும் தொழிற்சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். முன்னர் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயக் கல்வியாக இருந்த இப்படிப்பு, 2016 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டக் கல்வியாக நடத்தப்படுகிறது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம் இத்துறையினரின் பதிவை முறைப்படுத்துகிறது. படித்து முடித்த உடனே தனித்தொழிலில் இறங்குவதைவிட, மருத்துவமனையிலும் சமூகப் பராமரிப்பிலும் சில ஆண்டுகள் பணியாற்றுவது நல்லது. பக்கவாதம், எலும்பு முறிவு, மறதிநோய் ஆகிய மூன்றையும் நேரில் கண்டவரின் சொல்லுக்கே குடும்பங்கள் செவிசாய்க்கும்.

இரண்டாவது கூட்டணி. சிகிச்சையாளர் குத்தகையாளர் அல்லர். வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலையை அதன் குத்தகையாளர் பட்டியலில் உள்ளவரே செய்ய வேண்டும். பல வேலைகளுக்கு முன் அனுமதியும் தேவை. குளியலறைத் தரையின் நீர்க்காப்புப் படலம் சேதமானால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசியும்; அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும் வரும். எனவே பொறுமையும் நேர்மையும் உள்ள ஒரு குத்தகையாளரைத் தேடிப் பிடிப்பது, நல்ல அலுவலகத்தைத் தேடுவதைவிட முக்கியம். யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் எடுக்காமல் ஒரு வீட்டிற்குள்ளும் கால் வைக்கலாகாது.

மூன்றாவது கணக்கு. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்குத்தான். ஒரு வீட்டிற்கு ஆகும் நேரத்தை எண்ணிப் பார்ப்போம். முதல் வருகை 2 மணி நேரம். போக்குவரத்து 1 மணி. வரைபடமும் அறிக்கையும் 2 மணி. குத்தகையாளருடன் பேச்சு 1 மணி. முடிவில் சரிபார்த்தலும் பயிற்சியும் போக்குவரத்துடன் 2 மணி. ஆக மொத்தம் 8 மணி நேரம். வாரத்திற்கு 40 மணி நேரம் உழைத்தாலும் ஐந்து வீடுகள்தான். கணக்கெழுதவும், படிக்கவும், தள்ளிப்போன சந்திப்புகளுக்கும் நேரம் கழித்தால் மூன்று அல்லது நான்கு. மாதத்திற்குச் சுமார் 14 வீடுகள் என வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் செலவு, காப்புறுதி, வாகனம், சேமநிதி ஆகிய அனைத்தையும் கூட்டி 14-ஆல் வகுத்தால், ஒரு வீட்டிற்குக் குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும் என்பது தெரியும். வந்துபோகும் 2 மணி நேரத்தை மட்டும் கணக்கிட்டுக் கட்டணம் சொன்னவர், நாள் முழுவதும் உழைத்தும் கையில் ஒன்றும் நில்லாததைக் கண்டு ஓராண்டில் கடையைக் கட்டிவிடுவார். பொருள்களைக் கடனுக்கு வாங்கிக் குவிக்காமல், ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பில் வைத்துத் தொடங்குவதே விவேகம்.

நான்காவது அறிமுகம். இத்தொழில் விளம்பரப் பலகையால் வளர்வதைவிட நம்பிக்கையால் வளர்வதே மிகுதி. மருத்துவமனை மருத்துவ-சமூக ஊழியர், குடும்ப மருத்துவர், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தார், சமூக மன்றத்தினர் ஆகியோரிடம் ஒரு பக்க அறிக்கை எப்படி இருக்கும் என்று காட்டலாம். கோயில்களிலும் சங்கங்களிலும் விழுதலைத் தடுக்கும் விளக்கவுரைகளை இலவசமாக ஆற்றலாம். வந்தவர்களில் ஒருவர் அம்மா விழாமல் இருந்தால், அடுத்த ஐந்து பேரை அவரே அனுப்பி வைப்பார்.

7. தொழிலும் அறமும்

இத்தொழிலில் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. நோயை மதிப்பிடுபவரும், அதற்குரிய பொருளை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, தேவைக்கும் ஆதாயத்திற்கும் இடையே உள்ள கோடு மங்கிவிடும். பத்து வெள்ளி வழுக்கா மிதியடி போதுமான இடத்தில் ஆயிரம் வெள்ளிச் சாதனத்தைப் பரிந்துரைக்க மனம் சொல்லும். எதிரே அமர்ந்திருப்பவரோ தாய் விழுந்த அச்சத்தில் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருக்கும் மகன். அச்சத்தில் இருப்பவரிடம் விற்பது எளிது. அதனாலேயே அங்குக் கட்டுப்பாடு மிகுதியாக வேண்டும்.

இதற்குச் சில காப்புகள் உள்ளன. மதிப்பீட்டுக் கட்டணத்தையும் வேலைக்கான செலவையும் தனித்தனியே எழுதித் தருதல். விற்பனையாளரிடம் தரகுப்பணம் வாங்காதிருத்தல், பொருளையும் தாமே விற்பதாயின் அதை வெளிப்படையாகச் சொல்லுதல். வரைபடத்தைக் குடும்பத்தினரிடமே ஒப்படைத்து, விரும்பினால் வேறு குத்தகையாளரைக் கொண்டும் செய்துகொள்ள விடுதல். அரசாங்க மானியம் கிடைக்கும் வேலையை மானியத்திலேயே செய்துகொள்ளுமாறு முதலில் சொல்லுதல். கடைசியாகச் சொன்னது வருமானத்தைக் குறைப்பதுபோல் தோன்றும். ஆனால் மானியத்தைத் தாமே எடுத்துச் சொன்ன சிகிச்சையாளரைக் குடும்பம் மறப்பதில்லை.

மற்றோர் அறமும் உண்டு. கட்டணம் கொடுப்பவர் மகனாக இருக்கலாம். ஆனால் வீட்டில் வாழ்பவர் தாய். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி மகனிடம் பேசுவது முறையன்று. “அம்மா, இந்தக் கம்பி இங்கே இருக்கலாமா?” என்று அவரிடமே கேட்க வேண்டும். “என் வீடு மருத்துவமனை போல ஆகிவிடும்” என்று அவர் மறுத்தால் அதற்கும் மதிப்புக் கொடுத்து, சுவரின் நிறத்திற்கேற்ற கம்பியையோ அலமாரி போன்ற கைப்பிடியையோ காட்டலாம். அதற்கும் உடன்படாவிடில், ஆபத்தை எடுத்துரைத்துவிட்டு, முடிவை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

8. நன்கொடையாளர் கவனத்திற்கு

மானியம் கிடைத்தும் எஞ்சிய தொகையைக் கட்ட இயலாத குடும்பங்கள் உண்டு. மானியத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல், துணைக்கு எவருமின்றித் தனித்து வாழும் மூத்தோரும் உண்டு. இத்தகையோருக்கு ஒரு வீட்டு மதிப்பீட்டின் செலவையோ, ஒரு குளியல் நாற்காலியையோ, நான்கு நல்ல விளக்குகளையோ நன்கொடையாக ஏற்பது பெரும் தொண்டாகும். கைத்திறன் உடைய அன்பர்கள் மிதியடிகளை அகற்றவும், விளக்கு மாற்றவும், அலமாரியில் உள்ளவற்றைக் கைக்கெட்டும் உயரத்திற்கு இறக்கி வைக்கவும் தங்கள் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் தரலாம். துளையிடும் வேலையை மட்டும் தகுந்தவரிடம் விட வேண்டும்.

இளம் சிகிச்சையாளர்களும் மாதத்தில் ஒரு வீட்டைக் கட்டணமின்றிப் பார்ப்பதென முடிவு செய்யலாம். மேலே கண்ட கணக்கில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், தொண்டும் தடைப்படாது, தொழிலும் நொடிக்காது.

பாடச் சுருக்கம்: இன்றே உங்கள் வீட்டில் பாருங்கள்

• இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை வெளிச்சமும் தடையற்ற வழியும் உள்ளனவா?
• குளியலறையில் கை பற்றுவது கம்பியையா, துணித்தண்டையா?
• வீட்டில் அன்றாடம் பயன்படும் பொருள்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ளனவா?
• ஓரம் சுருண்ட பாயோ நகரும் மிதியடியோ இருக்கிறதா?
• சாமி மாடத்திற்கு முக்காலி தேவைப்படுகிறதா?
• கடந்த ஓராண்டில் விழுந்தாரா என்பதை மூத்தவரிடம் அன்போடு கேட்டீர்களா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்னும் பதில் வந்தால் காலம் தாழ்த்தலாகாது. குடும்ப மருத்துவரிடம் சொல்லி, செயல்முறைச் சிகிச்சையாளரின் வீட்டு மதிப்பீட்டிற்கு ஏற்பாடு செய்யுங்கள். நம்மை நடக்கப் பழக்கிய கைகளுக்கு, அவர்கள் நடக்கும் இடத்தில் ஒரு பிடி அமைத்துத் தருவது நம் கடமை.